புகைக் கணக்கு

“ஊதுங்கம்மா... நல்லா ஊதுங்க... இன்னும், இன்னும், இன்னும்... விட்றாதீங்க!”

2023 டிசம்பர். மதுரையில் ஒரு மருத்துவமனை. அம்மாவின் மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டி, வாயில் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு சின்னப் பெண். நுரையீரல் எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது என்று பார்க்கிற சோதனை. ஆறு நொடியாவது விடாமல் ஊத வேண்டுமாம். அம்மாவுக்கு மூன்றாவது நொடியிலேயே இருமல் வந்துவிட்டது. மறுபடி முயன்றாள். மறுபடி இருமல். மூன்றாவது தடவை குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, பரீட்சையில் ஃபெயிலான பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தாள்.

எனக்கு ஊதாங்குழல் ஞாபகம் வந்தது. 1971-ல் கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து 52 வருஷம் விறகு அடுப்பை ஊதி ஊதி எரிய வைத்தவள் அவள். அடுப்படியில் அவள் ஊதுகிற சத்தம் வாசல் திண்ணை வரை கேட்கும். அதில்தான் நாங்கள் விடியற்காலையில் கண்விழிப்போம். அவளுக்கு இப்போது ஆறு நொடி ஊத மூச்சு இல்லை.

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். “வீட்ல யாரு பீடி, சிகரெட்?”

யாருமில்லை. அப்பாவுக்கு வெற்றிலைப் பழக்கம்கூடக் கிடையாது.

“அப்ப விறகு அடுப்பா?”

“ஆமாங்கய்யா!” என்றாள் அம்மா, கொஞ்சம் பெருமையாகவே.

சி.ஓ.பி.டி. என்று எழுதினார். மூச்சுக்குழாய்கள் சுருங்கிப்போய், உள்ளே போன காற்று முழுசாக வெளியே வர முடியாமல் திணறுகிற வியாதி. வருஷக்கணக்கில் புகை பிடித்தவர்களுக்கு வரும். வருஷக்கணக்கில் அடுப்புப் புகையில் உட்கார்ந்தவர்களுக்கும் வரும். “போனது போனதுதான். மிச்சம் இருக்குறதக் காப்பாத்திக்கலாம். இனிமே புகை மட்டும் ஆகவே ஆகாது” என்றார்.

இந்த இடத்தில் நீங்கள் என்னை ஒரு கேள்வி கேட்பீர்கள். “ஏன் சார், பத்திரிகையில வேலை பாக்குறீங்க. அம்மாவுக்கு ஒரு கேஸ் வாங்கிக் குடுக்கக் கூடாதா?”

வாங்கிக் கொடுத்தேன். 2004-லேயே, ஒரு இன்க்ரிமென்ட் வந்த சந்தோஷத்தில், சிலிண்டரும் இரண்டு பர்னர் அடுப்புமாக இறக்கிவிட்டு, கடமை முடிந்தது என்று சென்னைக்கு பஸ் ஏறிவிட்டேன். அம்மா அந்த அடுப்புக்குப் பொட்டு வைத்து, பூ வைத்து, காபி போட மட்டும் உபயோகித்தாள். சோறு, குழம்பு எல்லாம் மெதுமெதுவாக அதற்கு மாறின. ஆனால் வெந்நீர் மாறவில்லை. விசேஷத்துக்குச் சமைப்பது மாறவில்லை. அடுப்படியில் மண் அடுப்பு அப்படியே இருந்தது. தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம் எரிந்தது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. புது அடுப்பு வந்தால் பழைய அடுப்பு போய்விடும் என்று நாம் நினைக்கிறோம். நிஜத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் குடித்தனம் நடத்தும். சிலிண்டர் விலை ஏறினால் விறகின் கை ஓங்கும். 2023 மார்ச்சில் சென்னையிலேயே ஒரு சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசு விற்றது. அருப்புக்கோட்டைப் பக்கம், கருவேலங்காட்டுக்கு நடுவில் வாழ்கிற ஒரு பெண்மணி, அந்த விலை கொடுத்து வாங்கிய கேஸில் குளிக்க வெந்நீர் போடுவாளா?

“ஹீட்டர் வாங்கலாமே?” என்பது உங்கள் அடுத்த கேள்வி. அதையும் செய்தாயிற்று. எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில், வாளியில் போடுகிற காயில் மூன்றே மாதத்தில் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புச் சட்டை போட்டுக்கொண்டது. பிறகு ஒரு நாள் அப்பாவுக்கு லேசாக ஷாக் அடித்தது. அன்றோடு அது பரணுக்குப் போய்விட்டது.

மதுரையிலிருந்து திரும்பின மறுநாள், கடப்பாரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அம்மா வாசலில் நின்றாள்.

“என்னய்யா பண்ணப் போற?”

“இடிக்கப் போறேன்.”

“இடி. நீ பஸ் ஏறின மறுநா நான் வேற கட்டிக்கிறேன். உங்கப்பாவுக்கு வெந்நி இல்லாம ஆகாது. நீயும் வந்தா காலைல மொதக் கேள்வியே ‘வெந்நி இருக்காம்மா’ன்னுதான கேக்குற?”

கடப்பாரையைக் கீழே வைத்தேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எங்கள் தெருவில் ரிட்டயரான அறிவியல் வாத்தியார் ஒருவர் இருக்கிறார். எட்டாம் வகுப்பில் எனக்கும் பாடம் எடுத்தவர். அவரிடம் போய்ப் புலம்பினேன். அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய் ஒரு மெழுகுவத்தியைக் கொண்டுவந்து ஏற்றினார். கொஞ்ச நேரம் எரியவிட்டு ஊதி அணைத்தார். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகைக்கோடு மேலே எழுந்தது. எரிகிற தீக்குச்சியை அந்தப் புகைக்கோட்டில், திரியைத் தொடாமல் அதற்கு ஒரு விரல் உயரத்தில் காட்டினார். நெருப்பு புகை வழியாகச் சட்டென்று கீழே குதித்து, திரி மறுபடி எரிந்தது!

“என்ன புரியுது?”

“புகை எரியுது சார்.”

“அவ்வளவுதான் பாடம். புகைன்னா எரிஞ்சு முடிஞ்சது இல்ல. எரியாமப் போனது. உங்கம்மா அடுப்புல வர்ற புகை அத்தனையும் எரியாத விறகு.”

நீங்களும் வீட்டில் ஒரு மெழுகுவத்தியை வைத்து இதைச் செய்து பாருங்கள். எனக்கு அன்று பொறி தட்டிவிட்டது. ஏனென்றால் நான் பி.காம். படித்தவன். விஞ்ஞானம் மண்டையில் ஏறாது. ஆனால் நஷ்டம் என்று சொன்னால் உடனே புரியும்.

எங்கள் விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை வெட்டி, அடுக்கி, மேலே மண்ணைப் போட்டு மூடிக் கரிமூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். நாள்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். நாலைந்து மூட்டை எடைக்கு விறகு போட்டால் ஒரு மூட்டை எடைக்குத்தான் கரி வரும். மீதி எங்கே போயிற்று? ஈரம் கொஞ்சம். மிச்சமெல்லாம் வாயுவாக, புகையாக வானத்துக்குப் போய்விட்டது. விறகு சூடானால் அதன் எடையில் முக்கால் பங்குக்கு மேல் இப்படி வாயுவாகத்தான் கிளம்புகிறது. விறகில் இருக்கிற சூட்டிலும் பாதிக்கு மேல் அந்த வாயுவில்தான் இருக்கிறது. நாம் பார்க்கிற மஞ்சள் தீ, விறகு எரிவது இல்லை. அந்த வாயு எரிவது. அது முழுசாக எரிய 600 டிகிரிக்கு மேல் சூடும், சரியான இடத்தில் காற்றும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் புகை. அந்தப் புகை அம்மாவின் கண்ணுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் போகும்.

ஆக, விறகை மிச்சம் பிடிப்பதும் அம்மாவின் மூச்சைக் காப்பாற்றுவதும் இரண்டு வேலை இல்லை. ஒரே வேலைதான்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். கடையில் காய்கறி நிறுக்கிற தொங்கு தராசு ஒன்று வாங்கினேன். வாத்தியார் ஒரு தெர்மாமீட்டர் கொடுத்தார். அம்மா முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கடைசித் தடவையாக அடுப்பு மூட்டினாள். நான் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.

அண்டாவில் 30 லிட்டர் தண்ணீர். தொடக்கத்தில் 28 டிகிரி. அம்மா “போதும்” என்று சொன்னபோது 70 டிகிரி. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வேண்டும். 30 லிட்டரை 42 டிகிரி ஏற்ற 1,260 கிலோ கலோரி. இது வரவு. எரிந்த விறகு மூன்று கிலோ. ஓரளவு காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 3,500 கிலோ கலோரி தரும் என்று வைத்தால், போட்ட முதல் 10,500.

10,500 முதல் போட்டு 1,260 எடுத்திருக்கிறோம். நூற்றுக்குப் பன்னிரண்டு! மிச்சம் 88 எங்கே? இப்படி ஒரு கடை நடத்தினால் ஒரே மாதத்தில் மஞ்சள் நோட்டீஸ் கொடுக்க வேண்டியதுதான். அம்மா 52 வருஷம் நடத்தியிருக்கிறாள். நஷ்டத்தைத் தன் நெஞ்சில் எழுதிக்கொண்டு நடத்தியிருக்கிறாள்.

88 ஓடிப்போகிற ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தேடினோம். உங்கள் ஊர் வீட்டிலும் ஒரு விறகு அடுப்பு இருந்தால் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

முதல் ஓட்டை, ஈரம். அன்று வெட்டின பச்சை விறகின் எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர்தான். பத்து கிலோ வாங்கினால் ஐந்து கிலோ தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கவே விறகில் உள்ள சூட்டில் ஏழில் ஒரு பங்கு செலவாகிவிடும். அதைவிடப் பெரிய நஷ்டம், அந்த ஆவி தீயைக் குளிர வைப்பது. தீ குளிர்ந்தால் வாயு எரியாது. புகை. எங்கள் வீட்டில் விறகு மழையில் நனைகிற இடத்தில், மண் தரையிலேயே கிடந்தது. கொல்லையில் ஒரு சாய்ப்பு இறக்கி, தரைக்கு மேலே ஒரு முழம் தூக்கிக் கழி கட்டி, காற்று புகுந்து போகிற மாதிரி அடுக்கினோம். பிளக்காத கட்டை சீக்கிரம் காயாது. பட்டையோடு கிடந்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். அதனால் பிளந்து அடுக்கினோம். ஒரு கோடை முழுக்கக் காய வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க மெஷின் வேண்டாம். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் ‘டணார்’ என்று கேட்க வேண்டும். ‘தொப்’பென்று கேட்டால் இன்னும் ஈரம். முனையில் வெடிப்பு விட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, காற்று. எங்கள் மண் அடுப்பில் விறகு தரையோடு தரையாகச் சாம்பலில் படுத்துக் கிடக்கும். அடியில் காற்று போக வழியே இல்லை. அதனால்தான் ஊதாங்குழல்! யோசித்துப் பாருங்கள். அடுப்பு தானாக இழுக்க வேண்டிய காற்றை, அம்மா தன் நுரையீரலிலிருந்து கொடுத்திருக்கிறாள். ஊதி முடித்து அடுத்த மூச்சை இழுக்கும்போது, உள்ளே போனது அந்தப் புகை. அடியில் ஒரு சாண் நீளத்துக்குக் கம்பித் தட்டு வைத்து, அதன்மேல் விறகு, அதன்கீழ் காற்றுக்கு வாசல் என்று அமைத்தோம். தினமும் சாம்பலை வழிக்க வேண்டும். சாம்பல் கம்பியை அடைத்துக்கொண்டால் பழைய கதைதான்.

மூன்றாவது, திணிப்பது. வாசல் நிறைய விறகைத் திணித்தால் தீ நன்றாக எரியும் என்று தோன்றும். நடப்பது தலைகீழ். இத்தனை விறகும் ஒரே நேரத்தில் சூடாகி வாயுவைக் கக்கும். எரிக்கக் காற்று போதாது. கட்டைவிரல் கனத்துக்குப் பிளந்த விறகை, நாலைந்து மட்டும், நடுவில் சந்து விட்டு, நுனி மட்டும் எரிகிற மாதிரி வைக்க வேண்டும். எரிய எரிய உள்ளே தள்ள வேண்டும். இதை நான் பெரிய விஞ்ஞானம் மாதிரி அம்மாவிடம் சொன்னேன். “இத எனக்கே சொல்றியா? பொளந்து குடுக்க ஆள் இருந்தா நான் ஏன் கட்டையத் திணிக்கிறேன்?” என்றாள். கோடரி பிடிக்க வேண்டிய இரண்டு ஆம்பிளைகளும் அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

நான்காவது, மண். கனத்த மண் சுவர் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். அது சூட்டைக் குடிக்கிறது! காலையில் மூட்டின அடுப்பு மத்தியானம் தொட்டாலும் சுடுகிறதே, அது யார் வீட்டுச் சூடு? தண்ணீருக்குப் போக வேண்டியது. லாரி வினியார்ஸ்கி என்ற அமெரிக்கர் 1982-ல் உருவாக்கிய ‘ராக்கெட் அடுப்பு’ இந்த ஓட்டையைத்தான் அடைக்கிறது. தீ எரிகிற அறை சின்னதாக, ‘ட’ எழுத்து மாதிரி இருக்கும். விறகு படுத்து நுழையும், தீ நிமிர்ந்து ஏறும். சுற்றிலும் கனமான மண்ணுக்குப் பதிலாகக் காற்றுப் பொதிந்த லேசான பொருள். எங்கள் கொத்தனார் உள்ளே செங்கல்லைக் குத்தவைத்து மெல்லிசாக ஒரு சுவர், வெளியே ஒரு சுவர், நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டுக் கட்டினார். அந்த இடைவெளியில் சலித்த சாம்பலைக் கொட்டினோம். 52 வருஷம் அம்மா அள்ளி வெளியே கொட்டின சாம்பல்தான் சூட்டைக் காப்பாற்றுகிற பொருள் என்பது யாருக்குத் தெரிந்தது?

ஐந்தாவது, அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவிலுள்ள சந்து. மண் அடுப்பின் மூன்று குமிழ்கள் இருக்கின்றன அல்லவா, அவை ரொம்ப உயரமாக இருந்தால் தீ பாத்திரத்தைத் தொடாமல் பக்கவாட்டில் ஓடிவிடும். ரொம்பத் தாழ்ந்தால் தீ மூச்சு முட்டிப் புகையும். ஒரு விரல் கனம் சரியாக இருந்தது. அண்டாவைச் சுற்றி அதே ஒரு விரல் இடைவெளியில் தகரத்தை வளைத்து ஒரு சட்டை போட்டோம். சூடான காற்று அடியை மட்டும் தொட்டுவிட்டு ஓடாமல் பக்கத்தையும் தடவிக்கொண்டு போகும். அப்புறம், மூடி! அண்டாவுக்கு மூடி போட வேண்டும். காலணா செலவில்லாத சிக்கனம் இது ஒன்றுதான்.

கடைசியாக, புகைபோக்கி. இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஏனென்றால் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு புகைபோக்கி இருந்தது. 1988-ல் மாமா ஒருவர் வெளியூரில் பார்த்துவிட்டு வந்து சொல்லி, கொத்தனாரை வைத்துக் கட்டினோம். இரண்டு வருஷம் அடுப்படியில் புகையே இல்லை. அம்மா வருகிறவர்களையெல்லாம் உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். அப்புறம் குழாய்க்குள் கரி அடைத்துக்கொண்டது. கூரைமேல் ஏறி ஒரு கழியில் துணியைச் சுற்றிக் குத்தி எடுத்தால் போதும். அரை மணி நேர வேலை. “யாராச்சும் ஏறுங்களேன்” என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பாவுக்கு மில் வேலை. எனக்குக் கிரிக்கெட். யாரும் ஏறவில்லை. ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் ஒழுகுகிறது என்று அப்பா அதன் வாயில் சாக்கைத் திணித்து அடைத்துவிட்டார். அன்றிலிருந்து புகை மறுபடி அம்மாவுக்கே.

நாட்டின் கதையும் இதுதான் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். புகையில்லா அடுப்பு புதுச் சரக்கே இல்லை. ஐதராபாத் பொறியாளர் எஸ்.பி.ராஜு 1953-லேயே கோடிக்கணக்கான ஏழை வீடுகளுக்குப் புகைபோக்கி வைத்த மண் அடுப்பு என்று வரைபடத்தோடு புத்தகம் போட்டார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ‘அஸ்த்ரா’ என்ற குழு, ஒரே தீயில் மூன்று பாத்திரம் வைக்கிற அடுப்பை உருவாக்கியது. மத்திய அரசு 1980-களில் தேசியத் திட்டமாக ஆரம்பித்து, 2002-ல் நிறுத்துவதற்குள் மூன்று கோடிக்கு மேல் அடுப்புகளை வைத்தது. பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய எஸ்தர் டஃப்லோவும் ரெமா ஹன்னா, மைக்கேல் கிரீன்ஸ்டோன் என்ற இருவரும் ஒடிசாவில் 2,500-க்கும் மேற்பட்ட குடும்பங்களில் புகைபோக்கி அடுப்புகளை நாலு வருஷம் வரை தொடர்ந்து கவனித்தார்கள். 2016-ல் அந்த ஆய்வு வெளியானது. முதல் வருஷம் சமைக்கிறவர்களின் மூச்சில் புகை குறைந்திருக்கிறது. அதற்கப்புறம் அந்த நன்மை மறைந்துவிட்டது. விறகும் மிச்சமாகவில்லை. அடுப்பைச் சரியாக உபயோகிக்கவில்லை, பழுது பார்க்கவில்லை.

காமர்ஸில் இதற்குத் ‘தேய்மானம்’ என்று பெயர். எந்த மெஷினும் வாங்கின நாளிலிருந்தே தேய ஆரம்பிக்கும். அதற்கென்று வருஷா வருஷம் ஒரு தொகையை ஒதுக்க வேண்டும் என்று முதல் வருஷமே சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் அதில் 78 மார்க் வாங்கியவன். ஆனால் அம்மாவின் புகைபோக்கிக்கு மாதம் அரை மணி நேரம் ஒதுக்கவில்லை.

2024 பொங்கல் கழிந்து புது அடுப்பு கொல்லையில், திறந்த சாய்ப்பில், கூரைக்கு மேலே நீட்டின தகரக் குழாயோடு எழுந்தது. அடுப்படியில் இருந்த பழைய அடுப்பை அம்மாவே இடிக்கச் சொன்னாள். கோடையெல்லாம் விறகு காய்ந்தது. ஐப்பசியில் மறுபடி தராசை எடுத்தேன். அதே அண்டா, அதே 30 லிட்டர், அதே 70 டிகிரி. எரிந்தது ஒன்றே முக்கால் கிலோ. நூற்றுக்கு இருபதைத் தாண்டிவிட்டது. ஒரு நாளைக்கு ஒன்றேகால் கிலோ, மாதத்துக்கு 37 கிலோ விறகு மிச்சம். மூட்டின முதல் சில நிமிஷம் தவிர, குழாயில் புகை கண்ணுக்கே தெரியவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு திருத்தினாலும் விறகு அடுப்பு, கேஸ் ஆகாது. கண்ணுக்குத் தெரியாத துகள் அதில் வந்துகொண்டுதான் இருக்கும். வீட்டுக்குள் இப்படி எரிகிற அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால் சமையல் முழுக்க கேஸ்தான். சிலிண்டருக்கு மாதா மாதம் நான் பணம் அனுப்புகிறேன். விறகு, வெந்நீருக்கு மட்டும். அதையும் அம்மா மூட்டக் கூடாது. பத்தடி தள்ளித்தான் உட்கார வேண்டும்.

நீங்கள் அடுத்த தடவை ஊருக்குப் போனால், குளிக்க வெந்நீர் கேட்பதற்கு முன்னால் கொல்லைப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். புகை எந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். கூரையில் குழாய் இருந்தால், கடைசியாக எப்போது குத்தி எடுத்தது என்று கேளுங்கள். யாருக்கும் ஞாபகம் இல்லையென்றால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீங்களே ஏறுங்கள்.

சரி, எங்கள் வீட்டில் யார் மூட்டுவது? வெந்நீர் யாருக்கோ அவர்தான் என்று தீர்ப்பாயிற்று. 77 வயதில் அப்பா முதல் தடவையாகத் தீப்பெட்டியோடு அடுப்பு முன்னால் உட்கார்ந்தார். என்ன சொல்லியும் கேட்காமல், சாய்ப்புக்கு வெளியே கிடந்த ஈரக் கட்டை இரண்டை எடுத்துத் திணித்துவிட்டார். குபுகுபுவென்று கிளம்பியது புகை. குழாய் சூடாகாததால் வாசல் வழியே அவர் முகத்துக்கே வந்தது. கண்ணில் தாரைதாரையாகத் தண்ணீர். இருமிக்கொண்டே எழுந்து ஓடிவந்தார்.

திண்ணையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “கட்டைய எடுங்க. சுள்ளி நாலு வைங்க. அடியில காத்துக்கு வழி விடுங்க.”

அப்படியே செய்தார். தீ ‘பொசுக்’கென்று பிடித்து, குழாய் ஹோவென்று இழுக்க ஆரம்பித்தது. புகை அடங்கியது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அம்மா பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“இம்புட்டுப் புகையிலயா இத்தன வருஷம் ஒக்காந்திருந்த?”

“இது எங்க...” என்றாள் அம்மா. “இது அதுல பாதிகூட இல்ல.”

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை தினசரி காலண்டரில், ஒவ்வொரு மாதத்தின் முதல் தேதியிலும் பேனாவால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன்.

‘குழாய்’ என்று எழுதியிருந்தார்.